சொந்த மின்னஞ்சல் சர்வர் வைக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கடிதம் சேர்ந்துவிட்டது என்றுதான் சர்வர் சொன்னது. லாக் கோப்பின் கடைசி வரியில் 250 என்ற எண் தெளிவாக இருந்தது. எதிர்முனை ஏற்றுக்கொண்டது என்று அதற்குப் பொருள். பதினோரு நாள் கழித்து அக்கா தொலைபேசியில் அழைத்து, தான் கேட்ட தாள்களை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று கேட்டார். ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். பரிசு விழுந்ததாகச் சொல்லும் இரண்டு மோசடிக் கடிதங்களுக்கு நடுவே என்னுடையது கிடந்தது. அவர் விண்ணப்பிக்க வேண்டிய கடைசித் தேதி இரண்டு நாளுக்கு முன்பே கடந்திருந்தது.

மென்பொருளை நிறுவ எனக்கு ஒரு சனிக்கிழமை போதுமானதாக இருந்தது. அனுப்பும் கடிதம் பிறருடைய இன்பாக்ஸில் விழ நான்கு மாதம் பிடித்தது. நான் படித்த வழிகாட்டிகள் எல்லாம் அந்தச் சனிக்கிழமையைப் பற்றியே பேசின. இந்தக் கட்டுரை மீதி நான்கு மாதத்தைப் பற்றியது. மறுபடியும் தொடங்கினால் எந்த வரிசையில் செய்வேனோ அதே வரிசையில் எழுதியிருக்கிறேன்.

1. எதற்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மின்னஞ்சல் சர்வருக்கு இரண்டு வேலை: வாங்குவது, அனுப்புவது. வாங்குவது எளிது. உங்கள் டொமைனுக்கு (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வரும் கடிதத்தை ஏற்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. சிக்கல் முழுவதும் அனுப்புவதில் இருக்கிறது. எதிர்முனைக்கு உங்களைத் தெரியாது. முன்பின் அறியாத முகவரியிலிருந்து வருவதை அது முதலில் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. வாங்குவதும் சேமிப்பதும் உங்கள் சர்வரில் நடக்கட்டும். அனுப்புவதை மட்டும், உங்கள் கடிதத்தைத் தன் சர்வரிலிருந்து அனுப்பித்தரும் கட்டண ரிலே சேவை ஒன்றின் வழியாக விடுங்கள். கடிதத்தை வாங்கி அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில் இதற்குச் சில அமைப்பு வரிகள் போதும். நீங்கள் அனுப்புவதெல்லாம் அந்தச் சேவையின் கைவழியாகப் போகும் என்பது குறைதான். தனியுரிமைக்காக சொந்த சர்வர் தேடுபவர்களுக்கு அது உறுத்தும். இருந்தாலும் வேலை விண்ணப்பம், வாடிக்கையாளர் பில், வழக்கறிஞருக்கு எழுதும் கடிதம் எல்லாம் இந்த ஒரே முகவரியிலிருந்து போக வேண்டும் என்றால், முதல் ஆறு மாதத்திற்கு ரிலேயோடு தொடங்குங்கள் என்றே சொல்வேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

2. கையில் இருக்க வேண்டியவையும் ஆகும் செலவும்

ஒரு டொமைன் பெயர். நிலையான ஐ.பி. முகவரி (இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்) உள்ள ஒரு வாடகை சர்வர். வாடகைக்குத் தரும் நிறுவனம் கேட்டால் காட்ட அடையாள ஆவணம். புதிய வாடிக்கையாளர்களிடம் பல நிறுவனங்கள் இதைக் கேட்கின்றன, சரிபார்க்க ஓரிரு நாள் ஆகலாம். இவற்றோடு, உங்கள் புதிய டொமைனுக்குத் தொடர்பே இல்லாத வேறொரு மின்னஞ்சல் பெட்டி.

கடைசியாகச் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. டொமைன் பதிவுக் கணக்கிற்கும் சர்வர் கணக்கிற்கும் தொடர்பு முகவரியாகப் புதிய டொமைனின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டால், சர்வர் படுத்துவிடும் அன்று கடவுச்சொல்லை மீட்கும் கடிதம் அந்தப் படுத்துவிட்ட சர்வருக்கே வரும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். டொமைன் புதுப்பிப்பு நினைவூட்டலுக்கும் இதே கதி. டொமைன் காலாவதியானால் மின்னஞ்சல் மட்டும் போகாது. அந்த முகவரியை வைத்துத் திறந்த எல்லாக் கணக்குகளும் அந்த டொமைனை அடுத்து வாங்குபவரின் கைக்குப் போய்விடலாம். வெளி முகவரியைக் கொடுங்கள். தானியங்கிப் புதுப்பிப்பையும் போட்டுவையுங்கள்.

டொமைனுக்கு ஆண்டுக் கட்டணம். முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து வாங்காமல், இரண்டாம் ஆண்டு எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். மிக மலிவாகக் கிடைக்கும் சில புதிய டொமைன் வால்களை (.com போலக் கடைசியில் வரும் பகுதி) ஸ்பேம் அனுப்புவோர் கூட்டமாக வாங்கிப் பயன்படுத்துவதால், அவற்றுக்குத் தொடக்கத்திலேயே கெட்ட பெயர் உண்டு. சர்வருக்கு மாத வாடகை. சில இடங்களில் ஐ.பி.வி.4 (பழைய வகை ஐ.பி.) முகவரிக்குத் தனிக் கட்டணம். காப்பு நகலுக்கு வேறொரு நிறுவனத்தில் சேமிப்பிடம். நினைவகத்தையும் கணக்கில் சேருங்கள். நாலைந்து பெட்டிகள் உள்ள எளிய அமைப்புக்கு 2 ஜி.பி. தாராளம். ஆனால் கிளாம்ஏவி என்ற வைரஸ் தேடும் மென்பொருள் ஒன்றே 1 ஜி.பி.க்கு மேல் விழுங்கும். மெயில்கவ் போன்ற முழுத் தொகுப்பு குறைந்தது 6 ஜி.பி. கேட்கிறது.

நேரமும் செலவுதான். அமைக்க இரண்டு வார இறுதிகள், முதல் மாதம் தினமும் கால் மணி நேரம், பிறகு மாதத்திற்கு இரண்டு மூன்று மணி நேரம் என்று ஒதுக்குங்கள்.

3. சர்வரை வாடகைக்கு எடுக்கும் முன் மூன்று கேள்விகள்

போர்ட் என்பது சர்வரில் ஒவ்வொரு வகைப் போக்குவரத்துக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்; போர்ட் 25 வெளியே போகத் திறந்திருக்கிறதா என்பது முதல் கேள்வி. சர்வர்கள் ஒன்றோடொன்று கடிதம் மாற்றிக்கொள்வது இந்தப் போர்ட்டில்தான். இதற்கு மாற்று கிடையாது. ஸ்பேமுக்குப் பயந்து பல நிறுவனங்கள் இதை மூடி வைத்திருக்கின்றன. கூகுள் கிளவுடில் இது பொதுவாக வெளியே மூடியே இருக்கும். அமேசானில் படிவம் நிரப்பிக் கேட்க வேண்டும். வேறு சில இடங்களில் முதல் மாத பில் கட்டிய பிறகுதான் கேட்கவே முடியும். கேட்கும்போது எதற்காக, எத்தனை பேருக்கு, ஒரு நாளைக்கு ஏறத்தாழ எத்தனை கடிதம் என்று நேராக எழுதுங்கள். "சொந்த உபயோகத்துக்கு, மூன்று பெட்டி, நாளைக்கு ஐம்பதுக்குள், விளம்பரக் கடிதம் கிடையாது" என்ற அளவில் நான் எழுதியதற்கு மறுநாளே திறந்துவிட்டார்கள். வீட்டு இணைய இணைப்பில் வைத்து ஓட்டலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் போர்ட் 25 மூடியிருக்கும். திறந்திருந்தாலும், வீட்டு முகவரிகள் நேரடியாகக் கடிதம் அனுப்பக் கூடாதவை என்றே தடைப்பட்டியல்களில் எழுதப்பட்டிருக்கும்.

இரண்டாவது, பி.டி.ஆர். பதிவை மாற்ற முடியுமா? ஐ.பி. எண்ணைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும் பின்னோக்குப் பதிவு அது. டொமைன் வாங்கிய இடத்தில் இதை மாற்ற முடியாது, ஐ.பி. யாருடையதோ அவர்கள்தான் மாற்ற முடியும். நான் இரண்டு மாலைப் பொழுதை டொமைன் நிறுவனத்தின் பக்கத்தில் இதைத் தேடியே கழித்தேன். நீங்கள் நேராகச் சர்வர் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போங்கள்.

மூன்றாவது, கிடைக்கப்போகும் ஐ.பி. எப்படிப்பட்டது? உங்களுக்கு முன் அந்த முகவரியில் யாரோ குடியிருந்திருப்பார்கள். அவர் செய்த வினையை நீங்கள் அனுபவிப்பீர்கள். சர்வர் கிடைத்த நிமிடமே, எதையும் நிறுவும் முன், ஐ.பி.யைத் தடைப்பட்டியல் நடத்தும் ஸ்பேம்ஹவுஸ் தளத்திலும் பல பட்டியல்களை ஒருசேரத் தேடும் தளம் ஒன்றிலும் போட்டுப் பாருங்கள். கெட்டிருந்தால் சர்வரை அழித்து வேறொன்று எடுங்கள். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் இடம் என்றால் இதற்கு ஆகும் செலவு அற்பம். நான் நான்காவது முகவரியில்தான் நின்றேன். ஒரு எச்சரிக்கை: சில பட்டியல்கள் ஒரு நிறுவனத்தின் ஐ.பி. தொகுதி முழுவதையும் சேர்த்துக்கொண்டு, விரைவாக நீக்கப் பணம் கேட்கும். கொடுக்காதீர்கள். பெரிய மின்னஞ்சல் சேவைகள் அவற்றைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

4. மென்பொருள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் உள்ள கடிதத்தைப் படிக்கத் தரும் டவ்காட், ஸ்பேமை வடிகட்டும் ஆர்ஸ்பேம்டி ஆகிய மூன்றையும் கையால் இணைக்கலாம். அல்லது மெயில்-இன்-எ-பாக்ஸ், மெயில்கவ், ஸ்டால்வார்ட் போன்று சேர்த்துக் கட்டியவற்றை எடுக்கலாம். புதியவர்களுக்கு இரண்டாவதுதான் சரி. எதை எடுத்தாலும் வேறெதுவும் ஓடாத புதிய சர்வரில் நிறுவுங்கள். இணையதளம், தரவுத்தளம், மின்னஞ்சல் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால், இணையதளத்தில் ஓட்டை விழும் நாளில் உங்கள் பெயரில் ஸ்பேம் கிளம்பும்.

5. டி.என்.எஸ். பதிவுகள்

டி.என்.எஸ். என்பது டொமைன் பெயருக்கு உரிய ஐ.பி. முதலிய விவரங்களைச் சொல்லும் இணையத்தின் பெயரேடு. அவசரப்படாமல் செய்ய வேண்டிய பகுதி இது. வேலை தொடங்கும் முந்தைய நாளே பதிவுகளின் ஆயுளை, அதாவது டி.டி.எல். மதிப்பை, 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். தவறு செய்தால் ஐந்து நிமிடத்தில் திருத்தலாம். ஒரு நாள் ஆயுள் கொடுத்திருந்தால் ஒரு நாள் காத்திருக்க வேண்டும்.

சர்வருக்கு ஒரு பெயர் வையுங்கள். அந்தப் பெயரின் ஏ பதிவு ஐ.பி.யைக் காட்ட வேண்டும். ஐ.பி.யின் பி.டி.ஆர். பதிவு அதே பெயரைக் காட்ட வேண்டும். சர்வர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஹெலோ வரியிலும் அதே பெயர்தான். மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். உங்கள் டொமைனுக்கு வரும் கடிதம் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவு இந்தப் பெயரைச் சுட்ட வேண்டும். அதில் நேரடியாக ஐ.பி. எண்ணைப் போடக் கூடாது, வேறொரு பெயருக்கு மாற்றிவிடும் சி-நேம் பெயரையும் போடக் கூடாது.

எஸ்.பி.எஃப். பதிவு, உங்கள் டொமைனின் பெயரில் யார் அனுப்பலாம் என்று சொல்கிறது. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு பதிவுதான். பழைய சேவைக்கு ஒன்று, புதிய சர்வருக்கு ஒன்று என்று இரண்டு வைத்தால் இரண்டும் செல்லாது. இரண்டையும் ஒரே வரியில் சேருங்கள். அந்த வரியைப் படிக்க 10 முறைக்கு மேல் டி.என்.எஸ். தேட வேண்டியிருந்தாலும் செல்லாது.

டி.கே.ஐ.எம். என்பது ஒவ்வொரு கடிதத்திலும் சர்வர் இடும் கையெழுத்து. 2048 பிட் சாவியை எடுங்கள். அதன் தனிப்பகுதி சர்வரிலேயே இருக்கும்; எல்லாரும் பார்க்க டி.என்.எஸ்.ஸில் போடும் பொதுப்பகுதி ஏறத்தாழ 400 எழுத்து நீளம் வரும். டி.என்.எஸ்.ஸில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் எல்லை. ஆகவே மேற்கோள் குறிகளுக்குள் இரண்டு துண்டாகப் பிரித்துப் போட வேண்டும். சில நிறுவனங்களின் பக்கங்கள் தாமாகப் பிரித்துக்கொள்ளும்; சில, மீதியைச் சொல்லாமல் வெட்டிவிடும். போட்ட பிறகு வெளியிலிருந்து டி.என்.எஸ்.ஸை ஒருமுறை கேட்டு, கடைசி எழுத்து வரை வந்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். எனக்கு ஒரு வாரம் கையெழுத்து தவறு என்றே பதில் வந்துகொண்டிருந்தது. சாவியின் கடைசி மூன்று எழுத்து விழுந்துபோயிருந்ததுதான் காரணம்.

இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று எதிர்முனைக்குச் சொல்வது டிமார்க் பதிவு. அதில், எதுவும் செய்ய வேண்டாம் என்ற அளவில் தொடங்கி, அறிக்கை வர ஒரு முகவரி கொடுங்கள். மூன்று நான்கு வாரம் அறிக்கைகளைப் படித்த பிறகு ஸ்பேமில் போடு என்றும், அப்புறம் நிராகரி என்றும் ஏற்றுங்கள். முதல் நாளே நிராகரி என்று போட்டால், பதிவில் எங்காவது தவறு இருக்கும்போது உங்கள் சொந்தக் கடிதங்களே நிராகரிக்கப்படும்.

இவையெல்லாம் தேவைதானா என்று கேட்பவர்களுக்கு: 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தன்னிடம் கடிதம் அனுப்பும் எல்லாரிடமும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம்., சரியான பி.டி.ஆர்., டி.எல்.எஸ். என்ற மறையாக்க இணைப்பு ஆகியவற்றைக் கேட்கிறது. ஒரு நாளைக்கு 5000 கடிதத்திற்கு மேல் அனுப்புவோர் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றையும் வைத்தாக வேண்டும். நாம் அந்த எண்ணிக்கைக்கு அருகில்கூடப் போவதில்லை. ஆனாலும் மூன்றையும் வையுங்கள். சிறியவர்கள் மீது சந்தேகம் எப்போதும் ஒருபடி அதிகம்.

ஐ.பி.வி.6 (புதிய வகை ஐ.பி. முகவரி) இருந்தால் அதற்கும் பி.டி.ஆர். வேண்டும். வைக்க முடியாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸை ஐ.பி.வி.4-இல் மட்டும் அனுப்பச் சொல்லிவிடுங்கள். பாதிக் கடிதம் போய்ப் பாதி திரும்பும் விசித்திரத்திற்கு இதுவே அடிக்கடி காரணம்.

6. சான்றிதழும் பூட்டும்

டி.எல்.எஸ். இணைப்புக்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. ஆயுள் 90 நாள். அதைத் தானாகப் புதுப்பிக்க எல்லாரும் ஏற்பாடு செய்கிறோம். புதுப்பித்த பின் டவ்காட்டை மறுபடி ஏற்ற வேண்டும் என்பதைத்தான் மறக்கிறோம். புதிய சான்றிதழ் வட்டில் இருக்கும், பழையது நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தொண்ணூறாம் நாள் காலையில் வீட்டில் உள்ள எல்லாருடைய தொலைபேசியும் எச்சரிக்கை காட்டும். புதுப்பிப்புக் கட்டளையோடு மறு ஏற்றக் கட்டளையையும் சேர்த்து எழுதுங்கள். காலாவதியை மின்னஞ்சலில் எச்சரிக்கும் வழக்கத்தை அந்த அமைப்பு 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. ஆகவே கண்காணிப்பு உங்கள் பொறுப்பு.

போர்ட் 25 பிற சர்வர்களுக்கு. உங்கள் ஆட்கள் அனுப்ப 465 அல்லது 587, படிக்க 993. கடவுச்சொல் இல்லாமல் யாரும் உங்கள் வழியாக வெளியே அனுப்ப முடியாது என்பதை வெளியிலிருந்து சோதித்துப் பாருங்கள். டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டகத்தில் அடைத்து ஓட்டும் கருவி) ஓட்டுபவர்கள் இதை இரண்டு முறை சோதியுங்கள்: வெளியிலிருந்து ஐ.பி.வி.6-இல் வருபவரை டாக்கர் உள்முகவரியாகக் காட்டிவிடும் அமைப்புகள் உண்டு. அப்போது சர்வர் அந்நியரை வீட்டு ஆள் என்று நம்பிக் கதவைத் திறந்துவிடும். ஒரே இரவில் ஐ.பி. கெட்டுவிடும்.

முதல் மணி நேரத்திலேயே கடவுச்சொல் ஊகிக்கும் முயற்சிகள் லாக்கில் வரத் தொடங்கும். பதற வேண்டாம், எல்லாருக்கும் வருவதுதான். திரும்பத் திரும்பத் தவறாக முயல்பவரைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போன்ற ஒன்றை வைத்து, நீளமான கடவுச்சொல் கொடுங்கள்.

7. அனுப்பிப் பழகுங்கள்

முதல் கடிதத்தை உங்களுடைய வெளிப் பெட்டிக்கே அனுப்புங்கள். ஜிமெயிலில் "மூலத்தைக் காட்டு" (Show original) என்பதை அழுத்தினால் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றின் முடிவும் மேலேயே தெரியும். மூன்றும் தேறும் வரை வேறு யாருக்கும் எழுதாதீர்கள்.

தேறிய பிறகும் ஸ்பேமில் விழலாம். அக்காவுக்கு நான் அனுப்பியது மூன்றிலும் தேறிய கடிதம்தான். புதிய முகவரிக்கு நற்பெயர் சேர நாளாகும், அவ்வளவுதான். பத்துப் பேரிடம் சொல்லிவைத்து எழுதுங்கள். ஸ்பேமில் இருந்தால் வெளியே எடுத்து, ஒரு வரியாவது பதில் போடச் சொல்லுங்கள். பதில் வரும் கடிதப் போக்குவரத்தைப் போல எந்தத் தொழில்நுட்பமும் நற்பெயர் சேர்ப்பதில்லை. வெறும் இணைப்புச் சுட்டி மட்டும் உள்ள ஒருவரிக் கடிதங்களை முதல் மாதம் தவிருங்கள்.

இணைப்புக் கோப்பின் அளவையும் பாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான எல்லை சுமார் 10 எம்.பி. கோப்பு அஞ்சலுக்கு ஏற்ப மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருக்கும். எட்டு எம்.பி. படம்கூட அதனால் திரும்பிவிடும்.

8. திரும்பி வந்தால்

எண்ணைப் படியுங்கள். 4-இல் தொடங்கினால் தற்காலிகம். சர்வர் தானே மறுபடி முயலும், போஸ்ட்ஃபிக்ஸ் ஐந்து நாள் வரை விடாது. முதல் முறை வருபவரை வேண்டுமென்றே காக்கவைக்கும் சர்வர்களும் உண்டு. பத்து நிமிடம் பொறுத்தால் போய்விடும். 5-இல் தொடங்கினால் நிராகரிப்பு. பக்கத்திலேயே காரணமும் பெரும்பாலும் ஒரு சுட்டியும் இருக்கும்.

அந்தச் சுட்டியில் உள்ள படிவத்தை நிரப்பும்போது கோபத்தைக் காட்ட வேண்டாம். ஐ.பி., டொமைன், திரும்பி வந்த முழு வரி, எப்போதிலிருந்து இந்த முகவரி உங்களிடம் இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை கடிதம் ஆகியவற்றை எழுதுங்கள். பெரிய நிறுவனம் ஒன்றிடமிருந்து எனக்கு முதலில் வந்தது, தடையை நீக்கத் தகுதியில்லை என்ற தானியங்கிப் பதில். அதற்கே பணிவாக மறுபதில் எழுதி, மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டாம் நாள் தடை நீங்கியது. முதல் மறுப்போடு நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொரு பொறி, வரும் கடிதங்களில். கடிதம் அனுப்புபவர் ஸ்பேம்ஹவுஸ் பட்டியலில் இருக்கிறாரா என்று கேட்க உங்கள் சர்வர் 8.8.8.8 போன்ற பொது டி.என்.எஸ்.ஸைப் பயன்படுத்தினால், சரியான விடை கிடைக்காது, 127.255.255.254 என்ற பிழை எண் வரும். அதைத் "தடைசெய்யப்பட்டவர்" என்று தவறாகப் புரிந்துகொள்ளும் அமைப்பு, நல்ல கடிதங்களையெல்லாம் வாசலிலேயே திருப்பிவிடும். சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற சொந்த டி.என்.எஸ். தேடியை ஓட்டுங்கள்.

9. ஓடத் தொடங்கிய பின்

தினம் ஒருமுறை, வெளியே போகக் காத்திருக்கும் கடித வரிசையைப் பாருங்கள். நீங்கள் எழுதாத கடிதம் நூற்றுக்கணக்கில் நின்றால் யாரோ ஒருவரின் கடவுச்சொல் திருடுபோய்விட்டது. வாரம் ஒருமுறை வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். நிறைந்தால் கடிதம் ஏற்பது நின்றுவிடும். பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகப் போட விடலாம். பெரிய பதிப்பு மாற்றத்தை, அன்று மாலை வீட்டில் இருக்கப்போகும் நாளில் மட்டும் செய்யுங்கள்.

பிறர் புகார் சொல்ல எழுதும் போஸ்ட்மாஸ்டர், அப்யூஸ் என்ற இரண்டு முகவரிகளும் இயங்க வேண்டும். அவற்றைப் படிக்கவும் வேண்டும். வரும் கடிதத்தையெல்லாம் அப்படியே வெளிப் பெட்டி ஒன்றுக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். அதில் வரும் ஸ்பேமை அனுப்பியவர் நீங்கள் என்றாகிவிடும்.

சர்வர் ஒரு நாள் படுத்தாலும் அன்று வர வேண்டிய கடிதம் தொலையாது. அனுப்புபவரின் சர்வர் சில நாள் மறுபடி மறுபடி முயலும். இது தெரிந்தால் நள்ளிரவில் அவசரப்பட்டுத் தவறு செய்ய மாட்டீர்கள்.

10. இடமாற்றமும் காப்பு நகலும்

பழைய பெட்டியை உடனே மூடாதீர்கள். பழைய கடிதங்களை ஐமேப்சிங்க் என்ற கருவி கொண்டு புதிய சர்வருக்கு இழுத்து வாருங்கள். புதிய முகவரியை முதலில் நண்பர்களுக்குக் கொடுங்கள், பிறகு சந்தாக்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் வங்கியும் அரசுக் கணக்குகளும். குறைந்தது ஓராண்டு இரண்டும் ஓடட்டும்.

காப்பு நகல் தினமும், வேறொரு நிறுவனத்தின் சேமிப்பிடத்தில், மறையாக்கம் செய்து பூட்டப்பட்ட நிலையில் இருக்க வேண்டும். சர்வர் கணக்கே முடக்கப்பட்டால் அங்கேயே இருக்கும் நகலும் சேர்ந்து போய்விடும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை புதிய வாடகை சர்வர் ஒன்றை இரண்டு மணி நேரத்திற்கு எடுத்து, நகலிலிருந்து எல்லாவற்றையும் எழுப்பிப் பாருங்கள். சென்ற முறை நான் அப்படிச் செய்தபோது கடிதங்கள் அனைத்தும் வந்தன, கடவுச்சொற்கள் வந்தன, ஆனால் டி.கே.ஐ.எம். தனிச்சாவி இருந்த கோப்புறையை மட்டும் நகல் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருந்தது தெரிந்தது. அன்று மாலையே சேர்த்தேன். உங்கள் பட்டியலிலும் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.